வாயை மூடித் தின்ற காலம்

1802-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு பஞ்சம் வந்தது. ஜூலு மொழிக்காரர்கள் அதற்கு ‘மட்லாதுலே’ என்று பெயர் வைத்தார்கள். கிடைத்ததைத் தின்னு, வாயைத் திறக்காதே என்று பொருள். வீட்டில் கொஞ்சம் தானியம் இருப்பது வெளியே தெரிந்தால் அது மிஞ்சாது என்ற பயம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

தானியத்தை ஒளித்து வைக்க ஜூலுக் குடும்பங்களிடம் நல்ல வழி ஒன்று இருந்தது. அவர்கள் குடியிருப்பில் குடிசைகள் வட்டமாக நிற்கும், நடுவில் மாட்டுப்பட்டி. பட்டியின் தரைக்கு அடியில் குடுவை வடிவத்தில் குழி தோண்டியிருப்பார்கள்: ஆள் நுழையும் அளவுக்குக் குறுகிய வாய், உள்ளே அகன்ற வயிறு. சோளத்தைக் கொட்டி, வாயைக் கல்லால் அடைத்து, மேலே சாணமும் புழுதியும் படிய விட்டால் குழி இருக்கும் இடம் வெளியாளுக்குப் புலப்படாது. கீழே தானியம், மேலே மாடு. குடும்பத்தின் சொத்து முழுவதும் சில அடி ஆழத்துக்குள் அடங்கிவிடும்.

இந்த ஏற்பாடும் மட்லாதுலே பஞ்சத்தில் போதவில்லை. பசித்த கூட்டங்கள் குழிகளைத் தேடி அலைந்தன என்றும், அவற்றைத் தடுக்க மக்கள் சிதறிய வீடுகளை விட்டுப் பெரிய ஊர்களாகச் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்றும் வாய்மொழி நினைவுகள் சொல்கின்றன. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பகுதியின் அரசியல் வரைபடமே கலைந்துபோனது. சிறு தலைவர்களின் கீழ் இருந்த குடிகள் மறைந்து சில பெரிய அரசுகள் எழுந்தன. ஸ்வீடேயின் நிட்வாண்டுவேயும் டிங்கிஸ்வாயோவின் ம்தேத்வாவும் மோதிக்கொண்டன; அந்த மோதலின் இடிபாட்டிலிருந்து ஷாகாவின் ஜூலு அரசு மேலே வந்தது. தோற்றவர்கள் வடக்கேயும் மேற்கேயும் கிளம்பினார்கள். போகும் வழியில் அவர்களும் பிறரைக் கிளப்பினார்கள்.

இந்தக் கொந்தளிப்புக்கு வரலாற்று நூல்களில் ‘ம்ஃபெகானே’ என்று பெயர். தமிழில் அதைச் சரியாக எழுத முடியாது. நடுவில் நான் ‘க’ என்று எழுதியிருக்கும் இடத்தில் உண்மையில் வருவது, பாவம் என்று இரக்கப்பட்டு நாம் ‘உச்’ கொட்டுகிறோமே, அந்த ஒலி. நமக்கு அது வெறும் உச்சு. அவர்களுக்கு அது ஒரு மெய்யெழுத்து. பெயரும் அந்தக் காலத்து மக்கள் வைத்ததல்ல. இருபதாம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர்கள் பரப்பியது. ‘நொறுக்கல்’ என்று வழக்கமாகப் பொருள் சொல்வார்கள்.

இது ஏன் நடந்தது என்பதில்தான் நூறு ஆண்டுகளாகச் சண்டை. ஷாகா என்ற தனிமனிதனின் மூர்க்கமும் போர்த்திறமையும் காரணம் என்று பழைய காலனிய நூல்கள் எழுதின. பத்து இலட்சம், இருபது இலட்சம் பேர் செத்தார்கள் என்றும் அவை சொல்லும். யாரும் எண்ணிப் பார்த்த கணக்கல்ல அது. ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்து எழுதியது. மானிடவியலாளர் மாக்ஸ் கிளக்மன் மக்கள்தொகை நெருக்கடியைச் சொன்னார். வேறு சிலர் கடல் வணிகத்தை. வேறு சிலர் மழையை. 1988-ல் ஜூலியன் காபிங் என்ற வரலாற்றாசிரியர், ம்ஃபெகானே என்பதே வெள்ளையர்கள் தங்கள் அடிமைப் பிடிப்பையும் நிலப் பறிப்பையும் மறைக்கச் சொன்ன சாக்கு என்று ஒரு கட்டுரையில் வாதிட்டுக் கூட்டைக் கலைத்துவிட்டார். 1991-ல் ஜொஹானஸ்பர்க் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே மாநாடு கூடியது.

காபிங்கின் கோபத்துக்கு அடிப்படை இருந்தது. கறுப்பர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு நாட்டையே காலியாக்கிவிட்டார்கள், 1830-களில் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்த போயர்கள் என்ற வெள்ளையர்கள் வெற்று நிலத்தில்தான் குடியேறினார்கள் என்ற கதை, பின்னாளில் நிறவெறி அரசுக்கு மிகவும் வசதியாக இருந்தது. ஆகவே இந்தக் கேள்வியை வெறும் புல், மழைக் கணக்காகப் பார்க்க யாராலும் முடிவதில்லை. எனக்கு அந்தக் கணக்கில்தான் ஆர்வம். காரணங்களைப் பட்டியலிட்டு எது பெரிது என்று வாதாடுவதைவிட, ஒன்று இன்னொன்றை எப்படித் தள்ளுகிறது என்று மாதிரி கட்டிப் பார்த்தால் சில வாதங்கள் தாமாகவே விழுந்துவிடும்.

புல்லிலிருந்து தொடங்குவோம். 1980-ல் ஜெஃப் கை என்பவர் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் ஒரு திருப்பம். ஜூலு நாட்டின் புல்வெளிகளை அங்குள்ளவர்கள் புளிப்புப் புல், இனிப்புப் புல் என்று பிரிப்பார்கள். மழை அதிகம் பெய்யும் உயர்ந்த இடங்களில் வளர்வது புளிப்புப் புல். முதல் மழைக்குப் பிறகு சுமார் நான்கு மாதம் சத்தாக இருக்கும். அப்புறம் முற்றி நார்போல் ஆகிவிடும். மாடு வாய் வைத்தாலும் உடம்பில் ஒட்டாது. ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் அடியில், மழை குறைந்த இடத்தில், இனிப்புப் புல். அடர்த்தி குறைவு, ஆனால் காய்ந்த பிறகும் சத்து போகாது. குளிர்காலம் முழுக்க மாட்டைத் தாங்கும். எனவே மழைக்காலத்தில் மேட்டுக்கும் வறண்ட மாதங்களில் பள்ளத்துக்கும் மந்தையை ஓட்டிச் சென்றாக வேண்டும். துகேலா, ம்ஃபோலோசி, பொங்கோலா ஆறுகள் அந்த நிலத்தை ஆழமாக அறுத்து ஓடுவதால், ஒரு நாள் நடைக்குள் இரண்டு வகைப் புல்லும் கிடைக்கும் இடங்கள் அங்கே உண்டு. பெரிய அரசுகள் எழுந்ததும் அப்படிப்பட்ட இடங்களில்தான் என்று ஜெஃப் கை காட்டினார். இரண்டு மேய்ச்சலும் தன் பிடியில் இல்லாதவன் பிறரிடம் கேட்க வேண்டும், அல்லது பறிக்க வேண்டும்.

இதில் மழையைச் சேர்ப்போம். கற்பனையாக ஒரு பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்கிறேன். எண்கள் என்னுடையவை, விளக்கத்துக்காக மட்டும். சாதாரண ஆண்டில் அங்குள்ள புல் 1,000 மாடுகளைத் தாங்கும். இப்போது இருப்பது 700. ஆண்டுக்கு 6 சதவீதம் பெருகுகின்றன. வறட்சி வந்தால் புல் 600 மாட்டுக்குத்தான் போதும். இரண்டாம் ஆண்டின் முடிவில் வறட்சி வந்தால் மந்தை 787, சாவது 187. அதே வறட்சி ஆறாம் ஆண்டின் முடிவில் வந்தால் மந்தை 993, சாவது 393. மழை குறைந்த அளவு இரண்டு முறையும் ஒன்றே. இழப்பு மட்டும் இரு மடங்குக்கு மேல். நான்கு நல்ல ஆண்டுகள்தான் அந்தக் கூடுதல் சாவைத் தயார் செய்து வைத்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நல்ல மழைக்காலம் ஒன்று நீண்டு, மக்களும் மந்தையும் பெருகி, அதன் பிறகு வறட்சி வந்தது என்று வாதிடுபவர்கள் சொல்வதன் உட்பொருள் இதுதான்.

மாட்டோடு தானியத்தையும் சேர்க்க வேண்டும். போர்த்துகீசியர் வழியாகக் கரைக்கு வந்த மக்காச்சோளம், பழைய சோளத்தைவிட நல்ல ஆண்டில் அதிகம் விளையும். வறட்சியில் சோளத்துக்கு முன்னால் கருகும். நல்ல காலத்தில் வயிற்றை நிரப்பிய பயிரே கெட்ட காலத்தில் காலை வாரியது என்பது வாதம். மக்காச்சோளம் எந்த அளவு பரவியிருந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒற்றுமை இல்லை. ஆனால் ஒரு தகவல் என் மனத்தில் நிற்கிறது: 1810-களில் நிட்வாண்டுவே தலைவன் ஸ்வீடேயும், பின்னால் ஸ்வாஸி அரசைக் கட்டிய சோபூசாவும் மோதியது பொங்கோலா ஆற்றங்கரையின் விளைநிலத்துக்காக என்றுதான் மரபு சொல்கிறது.

சரி, மாடு செத்தது, பயிர் கருகியது. பசித்தவன் அடுத்தவனைத் தாக்குவான் என்று இங்கிருந்து நேரே தாவுகிறவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. பசித்தவன் பெரும்பாலும் சுருண்டு படுப்பான். பஞ்சம் அரசாக மாற நடுவில் ஒரு பல்சக்கரம் வேண்டும். அந்தச் சக்கரம் கல்யாணம்.

ஜூலு சமூகத்தில் பெண் எடுக்க மாடு கொடுக்க வேண்டும். ‘லோபோலா’ என்பார்கள், நம் பரிசம் போல. மாடில்லாத இளைஞனுக்குப் பெண் இல்லை, பெண் இல்லையென்றால் தனிக்குடி இல்லை, தனிக்குடி இல்லாதவன் எத்தனை வயதானாலும் பையன்தான். மாடு குறைந்தவர்களுக்கு மாடு உள்ளவர்கள் தம் மந்தையில் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளக் கொடுப்பார்கள். இதற்கு ‘சிசா’ என்று பெயர். வாரத்துக்கு மாடு விடுவதோடு ஒப்பிடலாம். பால் வளர்ப்பவனுக்கு, மாடு சொந்தக்காரனுக்கு. கொடுப்பவனுக்கும் இலாபம் உண்டு: மந்தை பல பள்ளத்தாக்குகளில் சிதறியிருந்தால் ஓரிடத்தில் நோய் வந்தாலும் மற்ற இடத்தில் தப்பும். காப்பீட்டு நிறுவனங்கள் செய்வதும் இதைத்தான்.

காப்பீடு ஒரு நிபந்தனையில்தான் வேலை செய்யும். இழப்பு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரக் கூடாது. ஒரு பள்ளத்தாக்கில் மழை பொய்த்தால் பக்கத்துப் பள்ளத்தாக்கு கைகொடுக்கும். பொங்கோலாவிலிருந்து துகேலா வரை ஒரே ஆண்டில் பொய்த்தால் கைகொடுக்க ஆளில்லை. அப்போது மிஞ்சுவது பெரிய மந்தைக்காரன் மட்டும். 40 மாடு வைத்திருந்தவனுக்குப் பாதி செத்தாலும் 20 மிஞ்சும். 4 வைத்திருந்தவனுக்கு மிஞ்சும் 2, பரிசத்துக்குக் காணாது. ஆக, நாட்டின் மொத்தச் செல்வம் சுருங்கிய அதே நேரத்தில் தலைவனின் பிடி இறுகுகிறது. முன்பு அவனிடம் போகாமலே கல்யாணம் முடித்தவர்களும் இப்போது அவன் வாசலில் நிற்கிறார்கள். வறட்சி சண்டையை உண்டாக்கியதா என்பதைவிட, யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பதை வறட்சி எப்படி மாற்றியது என்று கேட்பதே மாதிரிக்கு ஏற்ற கேள்வி என்று நினைக்கிறேன்.

வாசலில் நிற்கும் இளைஞர்களுக்கு வேலை இருந்தது. ‘அமாபூத்தோ’ என்னும் வயதுக்குழுக்கள்: ஒரே பருவத்து ஆண்களை ஓர் அணியாகத் திரட்டித் தலைவனின் மாட்டை மேய்க்கவும், வேட்டையாடவும், போரிடவும் வைப்பது. ஷாகா இதைக் கண்டுபிடிக்கவில்லை. அவனுக்கு முன்பே இருந்ததை இறுக்கினான். அணியைக் கலைத்து மணம் செய்துகொள்ளத் தலைவன் அனுமதி தர வேண்டும். ஆண்கள் முப்பதுகளின் நடுவரைகூடக் காத்திருந்தார்கள். பெண்களுக்கும் அணிகள் இருந்தன, அவர்களின் மணமும் தள்ளிப்போனது. இங்கே ஒரு சிறு கணக்கு. ஒரு தாய்க்குச் சராசரியாக ஒன்றரை மகள் பிழைத்து வளர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். தலைமுறை இடைவெளி 20 ஆண்டு என்றால் 60 ஆண்டில் மக்கள்தொகை மூன்றேகால் மடங்கைத் தாண்டும். இடைவெளி 30 ஆனால் அதே 60 ஆண்டில் இரண்டேகால் மடங்குதான். குழந்தை எண்ணிக்கை மாறவே வேண்டாம், கல்யாணத் தேதி மாறினால் போதும். அந்த அணிகள் படையாக மட்டுமின்றி, நிலத்தின் மீதான பாரத்தைக் குறைக்கும் திருகாகவும் இருந்தன என்று ஜெஃப் கை வாதிட்டது இதை வைத்துத்தான். யாரும் அப்படித் திட்டமிட்டிருக்க வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது உள்நாட்டுச் சக்கரம். கரையோரத்தில் இன்னொன்று சுழன்றுகொண்டிருந்தது. இன்றைய மபூட்டோ இருக்கும் டெலகோவா விரிகுடாவில் பதினெட்டாம் நூற்றாண்டு முழுக்கத் தந்த வணிகம். 1777 முதல் 1781 வரை அங்கே கடை போட்டிருந்த வில்லியம் போல்ட்ஸ், அதற்கு முன் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வங்காளத்தில் இருந்தவர். ஆஸ்திரியக் கொடியின் கீழ் வந்து தந்தம் வாங்கினார். போர்த்துகீசியர் 1781-ல் அவர் ஆட்களை விரட்டினார்கள். அவருக்குப் பிறகு திமிங்கல வேட்டைக் கப்பல்கள் இறைச்சிக்காக மாடு கேட்டு வந்தன. யானையைச் சுற்றிவளைக்கத் திரண்ட ஆட்கள் வேண்டும். வயதுக்குழுக்கள் அதற்குத் தோது. தந்தம் கொடுத்து வாங்கிய பித்தளையையும் மணியையும் தலைவன் பகிர்ந்தால் ஆட்கள் கூடுவார்கள். ஆட்கள் கூடினால் தந்தம் கூடும். தன்னைத் தானே ஊட்டிக்கொள்ளும் சுழற்சி இது. புல்லின் சுழற்சிக்குப் பல ஆண்டுகள், கல்யாணச் சுழற்சிக்கு இருபது முப்பது ஆண்டுகள். இதற்கோ சில பருவங்கள் போதும். வேகமான சக்கரம் அணிகளைத் திரட்டி வைத்தது. பிறகு கப்பல்கள் மாடு கேட்டன. அதன் பின்னால் வறட்சியும் வந்து மாட்டைக் கொன்றது. திரண்ட அணி கையில் இருக்கும்போது மாட்டுத் தட்டுப்பாட்டைத் தலைவன் எப்படித் தீர்ப்பான்?

மாதிரியின் இன்னொரு பயன், காரணங்களை வரிசையில் நிறுத்திக் கடிகாரத்தைக் காட்டுவது. காபிங்கின் அடிமை வணிக வாதம் இங்கேதான் தடுமாறியது. விரிகுடாவிலிருந்து பெருமளவில் அடிமைகள் ஏற்றப்பட்டது 1820-களில். நிட்வாண்டுவேயும் ம்தேத்வாவும் மோதியது அதற்கு முன்பே, 1810-களில். எலிசபெத் எல்ட்ரெட்ஜ் 1992-ல் இதைத்தான் சுட்டிக்காட்டினார். பின்னால் வந்தது முன்னால் நடந்ததற்குக் காரணமாக முடியாது. நெருப்பை ஊதிப் பெரிதாக்கியிருக்கலாம். ஷாகா மட்டுமே காரணம் என்ற கதையும் அதே கடிகாரத்தில் விழுகிறது. அவன் சிறு தலைவனாக இருந்தபோதே பிறர் கிளம்பிவிட்டார்கள். மட்டிவானேயின் ங்வானேக் கூட்டம் ஹ்லூபிகளைத் தாக்கியது, ஹ்லூபிகள் டிராகன்ஸ்பர்க் மலையைக் கடந்து, மந்தட்டிசி என்னும் அரசியின் ட்லோக்வாக்கள் மீது விழுந்தார்கள். மாடிழந்தவன் அடுத்தவன் மாட்டைப் பிடித்தால்தான் பிழைப்பான். மாட்டை இழந்த அடுத்தவனுக்கும் அதே விதி. ஆயிரம் கல் தொலைவில் நின்றவனுக்கு ஷாகாவைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இந்த அலையில் எல்லோரும் உடையவும் இல்லை. மோஷேஷ்வே 1824-ல் தாபா போசியு என்ற தட்டைக் குன்றின் மேல் ஏறிக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் மாடு கொடுத்துச் சேர்த்துக்கொண்டு சோத்தோ அரசைக் கட்டினார்.

மழை பற்றிய சாட்சி எங்கே? மரத்தில். 1976-ல் மார்ட்டின் ஹால், நேட்டாலின் கார்க்லூஃப் காட்டு மஞ்சள்மரத்தின் வளையங்களை அளந்து மழை வரலாறு எழுதிப் பார்த்தார். ஒற்றை மரம், அதிலும் ஆண்டுக்கு ஒரு வளையம் ஒழுங்காகப் போடும் இனமல்ல. ஒரு மரத்தை நம்புவது ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்பெழுதுவது போல. பின்னால் வந்தவர்கள் சிம்பாப்வேயில், நம் வேங்கைக்கும் செம்மரத்துக்கும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த முக்வா மரங்களை எடுத்தார்கள். பல மரங்களின் வளையங்களைப் பக்கத்தில் வைத்து, ஒல்லி வளையத்தோடு ஒல்லி வளையம் பொருந்துகிறதா என்று சரிபார்த்து, 1796 வரை பின்னோக்கிப் போனார்கள். அந்த வளையங்களோடு இரண்டு எரிமலைகளையும் சேர்த்து, 2014-ல் மைக்கேல் கார்ஸ்டாங்கும் உடன் ஆய்வாளர்களும் காலநிலை வாதத்தை மறுபடி எடுத்தார்கள். ஒன்று, எங்கே வெடித்தது என்று தெரியாமல் துருவப் பனியில் கந்தகத் தடத்தை மட்டும் விட்டுச்சென்ற 1809 வெடிப்பு. மற்றது 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா. வடக்கே 1816-ல் கோடையைக் காணாமல் அடித்த அதே தம்போரா.

இருந்தும் சிம்பாப்வே மரம் ஜூலு நாட்டு மரமல்ல, தூரம் அதிகம். மரங்கள் மழையைத்தான் சொல்லும். யாரிடம் எத்தனை மாடு இருந்தது என்று சொல்லாது. அதற்கு நமக்கிருப்பது மனிதர்களின் நினைவுதான். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ற காலனிய அதிகாரி 1890-கள் தொடங்கி கால் நூற்றாண்டுக் காலம் சுமார் 200 பேரிடம் கேட்டு எழுதிய குறிப்புகள் டர்பனில் இருக்கின்றன. கேட்டவர் வெள்ளை நடுவர், சொன்னவர்கள் தோற்ற அரசின் முதியவர்கள் என்பதை மறக்காமல் அவற்றைப் படிக்க வேண்டும். நினைவு எப்போதும் தேதி தராது. சில சமயம் வானம் உதவுகிறது: ஸ்வாங்கெண்டாபாவின் ங்கோனி மக்கள் சாம்பெசி ஆற்றைக் கடந்தபோது சூரியன் இருண்டது என்ற மரபுச் செய்தியைக் கிரகணக் கணக்கோடு பொருத்தி 1835 நவம்பர் 20 என்று நாளையே சொல்லிவிட்டார்கள்.

எண்கள் இவ்வளவு குறைவாக இருக்கும்போது மாதிரிகாரர்களுக்கு ஒரு பழைய தலைவலி உண்டு. வேறு வேறு சமன்பாடுகள் ஒரே விளைவைத் தரும். வறட்சியைக் கூட்டி வணிகத்தைக் குறைத்தாலும் சில பெரிய அரசுகள் எழும். வணிகத்தைக் கூட்டி வறட்சியைக் குறைத்தாலும் எழும். ஆகவே, இதுதான் நடந்தது என்று எந்த மாதிரியும் சொன்னால் நான் நம்ப மாட்டேன். இது மட்டும் போதாது, இது காலத்தால் பிந்தியது, இந்த இரண்டும் சேராமல் அந்த வேகம் வராது என்று சொன்னால் காது கொடுப்பேன். வறட்சி அதற்கு முன்பும் வந்தது, அரசு எழவில்லை. தந்த வணிகம் வேறு கரைகளிலும் இருந்தது, அங்கே ஷாகா எழவில்லை. இரண்டு வகைப் புல்லும் அருகருகே கிடைக்கும் அந்தக் குறுகிய நிலத்தில் வறட்சியும் வணிகமும் ஒன்றாகச் சேர்ந்தபோதுதான் அரசு எழுந்தது.

அந்தப் புல்லை இன்று அளக்கலாமா என்றால், எல்லா இடத்திலும் முடியாது. ஜெஃப் கை பயன்படுத்தியது தாவரவியலாளர் அக்காக்ஸ் 1953-ல் வெளியிட்ட புல்வெளி வரைபடத்தை. அதற்குள் நிலம் எவ்வளவோ மாறியிருந்தது. 1828 செப்டம்பரில் ஷாகாவை அவனுடைய மாற்றாந்தாய்ச் சகோதரர்கள் குத்திக் கொன்ற க்வாடுகுசாவைச் சுற்றிக் கடற்கரை நெடுகக் கரும்பு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலிலிருந்து இறங்கியவர்களும், அவர்களுக்குப் பின்னால் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களும் நட்ட கரும்பு. அந்த ஊரில் இன்றும் தமிழ்ப் பெயர்கள் உண்டு. அங்கே பழைய மேய்ச்சலைத் தேடிப் பயனில்லை. உள்ளே போக வேண்டும், வெள்ளை ம்ஃபோலோசியும் கறுப்பு ம்ஃபோலோசியும் கலக்கும் இடத்துக்கு. 1895-லிருந்து காப்புக்காடாக இருக்கும் அந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் இனிப்புப் புல் இருக்கிறது. எருமைகளும் வெள்ளைக் காண்டாமிருகங்களும் குளிர்கால மாதங்களில் அதைத்தான் மேய்கின்றன.